அடுப்படி மணியின் ஒயர்

எங்கள் அப்பாவைப் பொறுமையான மனுஷன் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர்கள் மேல் தப்பில்லை. அவர் குரலை உயர்த்தி ஒருத்தரும் கேட்டதில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் காணிக்கைப் பை எடுக்கிற வேலை, இரண்டையும் ஒரே அமைதியோடு செய்தவர். அந்த அமைதியான மனுஷனின் விரல் ஒரு சனிக்கிழமை செய்த காரியத்தை நான் பார்த்தேன். நான் ஒருத்திதான் பார்த்தேன். அதனால் இந்தக் கோபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

கதை எங்கள் கக்கூஸிலிருந்து தொடங்குகிறது. முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். எங்கள் வீட்டிலும் அப்படி முகம் சுளித்துச் சுளித்துத்தான் ஒரு மனிதனின் கையைக் கெடுத்தார்கள்.

வீடு பேட்டையில். கட்டியபோது தெருவிலிருந்து படியேறித்தான் உள்ளே வர வேண்டுமாம். பிறகு தெருவுக்குத் தார் போட்டார்கள். அந்தத் தாரின் மேல் இன்னொரு தார், அதற்கு மேல் சிமெண்டு. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கு விவரம் தெரிந்தபோது நாங்கள் தெருவிலிருந்து படியிறங்கி வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தோம். வீட்டோடு சேர்ந்து செப்டிக் டேங்கும் பள்ளத்துக்குப் போய்விட்டது. டேங்கில் தெளிந்து வெளியேறுகிற தண்ணீர் முன்பெல்லாம் தானாகவே தெருச் சாக்கடைக்கு, எங்கள் பேச்சில் வாறுகாலுக்கு, ஓடிவிடும். இப்போது வாறுகால் மேட்டில், நாங்கள் பள்ளத்தில். தண்ணீர் போக வழியில்லாமல் கக்கூஸ் பீங்கானுக்குள்ளேயே குபுகுபுவென்று திரும்பி வந்தது.

அதைச் சரிசெய்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பேட்டையில் பட்டறைகள் இருக்கும் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். தாத்தாவும் ஆச்சியும் போய்ச் சேர்ந்துவிட்டதால், பிறந்த வீடு என்று அம்மாவுக்கு மிச்சமிருந்தது இந்த மாமா மட்டும்தான். அடக்கமான ஆள் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. வாய்க்கு வாய் பதில் சொல்வார், பத்து நிமிட வேலைக்கு அரைமணி நேரம் பெருமையடிப்பார். "கரண்டு எனக்குச் சொந்தக்காரன் வே. அதனாலதான் அவன நம்ப மாட்டேங்கேன்" என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் மதிலுக்கு மேலாகச் சொல்லிச் சிரிப்பார். கடையில் டீ வாங்கிக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் அளப்பார்.

ஆனால் வேலை சுத்தம். டேங்குக்குப் பக்கத்தில் ஒரு சிறிய குழி எடுத்து சிமெண்டு உறை இறக்கி, அதற்குள் தண்ணீரில் மூழ்கி ஓடுகிற மோட்டார் ஒன்றை வைத்தார். கூடவே பந்து மாதிரி ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், மோட்டார் தானாக ஓடி வாறுகாலுக்குத் தள்ளும். தண்ணீர் வடிந்தால் மிதவை இறங்கி மோட்டார் நின்றுவிடும். ஏதாவது சிக்கி மோட்டார் ஓடாமல் போனால் என்ன செய்வது? அதற்கு உயரத்தில் இன்னொரு மிதவை. தண்ணீர் அதுவரை வந்துவிட்டால் அடுப்படியில் பேட்டரியில் ஓடுகிற ஒரு மணி கிர்ரென்று அடிக்கும். குழியிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று சுவரோரமாக ஏறி அடுப்படி ஜன்னல் வழியாக அந்த மணிக்கு வந்தது.

மணி அடித்தால் பார்க்க வேண்டியது அம்மா. அதற்கு மாமா அவளுக்குப் பாடமே எடுத்தார். பின்சுவரில் இருக்கிற பெட்டியில் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு ஃபியூஸ் கம்பி இருக்கிற வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். அதன்பிறகுதான் மூடியைத் திறந்து கம்பால் மிதவையைத் தட்டிவிட வேண்டும். "பீஸு உன் இடுப்புல இருந்தா கரண்டு உன் இடுப்புல இருக்குன்னு அர்த்தம்க்கா. வேற எவனும் போட முடியாது" என்றார். அம்மா அப்படியே செய்தாள். குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள் மணி சத்தம் கேட்டுப் போய்க் குழியைத் தட்டிவிட்டு, கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து குழம்பை இறக்குவாள். அப்பா ஒருநாளும் அந்த மூடியைத் திறந்ததில்லை.

மணிக்கு எமனாக வந்தவள் அத்தை. அப்பாவின் அக்கா. முக்கூடலில் வீடு. எங்கள் வீட்டுக்கு வந்தால் வீடு அவளுடையதாகிவிடும், அம்மா விருந்தாளி ஆகிவிடுவாள். ஒருமுறை ஆலயத்துப் பெண்கள் சிலர் வந்து உட்கார்ந்திருந்தபோது மணி அடித்தது. போன் அடிக்கிறதா என்று ஒரு அம்மாள் கேட்டாள். எனக்கு அப்போது பதினொரு வயது, தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத வயது. டேங்க், குழி, மிதவை, திரும்பி வருகிற தண்ணீர் என்று ஒன்று விடாமல் விளக்கிச் சொன்னேன். அந்த அம்மாள் கையிலிருந்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அவர்கள் போனபிறகு அத்தை அப்பாவிடம், "ஊர் ஒலகத்துல கக்கூஸுக்கு மணி அடிக்கிற வீடு இது ஒண்ணுதான்லே. ஒம் மச்சினன் மாட்டிவிட்டுட்டுப் போயிட்டான், மானம் போறது நமக்கு" என்றாள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பொறுமையான மனுஷன் அல்லவா.

அந்த வருஷங்களில் கரண்ட் போகிற கொள்ளை வேறு. போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் இல்லாதபோது மோட்டாரும் ஓடாது. அப்பா இன்வெர்ட்டர் வாங்கி மாட்டினார். மோட்டாரையும் அதில் ஓட வைக்க முடியுமா என்று மாமாவிடம் கேட்டதற்கு, தடிமனான ஒயர் தனியாக இழுக்க வேண்டும், இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் வராதபடி தனியாக ஒரு சுவிட்ச் போட வேண்டும், கடையில் வேலை குறைந்ததும் வந்து செய்து தருகிறேன் என்றார். அப்பாவுக்கு அதுவரை பொறுக்கவில்லை. அத்தை மகளைப் பெண் பார்க்கத் திசையன்விளையிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. முக்கூடல் வரை அவர்களை அலைய வைக்க வேண்டாம், டவுனுக்குப் பக்கமான எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அத்தை முடிவுசெய்திருந்தாள். அன்றைக்குக் கரண்ட் போய், கக்கூஸில் தண்ணீர் திரும்பி வந்தால் என்ன ஆவது? மணி அடித்துவிட்டால்?

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் அடுப்படியில் மணியைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு புது சுவிட்ச். மணி ரிப்பேர் என்றார் அப்பா. நான் நம்பினேன். நடந்தது இதுதான்: மணியைக் கழற்றிவிட்டு, மணிக்குப் போன அதே மெல்லிய ஒயரில் இன்வெர்ட்டர் கரண்டைக் கொடுத்து, குழிக்குள் அதன் மறுமுனையை மோட்டார் ஒயரோடு முறுக்கி டேப் சுற்றிவிட்டார் அப்பா. பின்சுவர்ப் பெட்டியில் பீஸைப் பிடுங்கினாலும் அடுப்படி சுவிட்சைத் தட்டினால் குழிக்குள் கரண்ட் போகும். மணி சத்தமும் இல்லை, மாமாவின் தயவும் வேண்டாம். அப்பாவுக்கு அதில் ரொம்பத் திருப்தி. கரண்ட் இல்லாதபோது சத்தமில்லாமல் வந்து அந்தச் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

பெண் பார்க்க வரும் சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து அத்தை, அத்தை மகள், அத்தைக்கு மாமனார் முறையில் இரண்டு பேர் என்று வீடு நிறைந்திருந்தது. எல்லோரும் குளித்தார்கள். பத்து மணிக்கெல்லாம் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் கக்கூஸில் தண்ணீர் இறங்கவில்லை என்று அத்தை கத்தினாள். அப்பா அடுப்படி சுவிட்சைத் தட்டிப் பார்த்தார், மோட்டார் ஓடவில்லை. அணைத்துவிட்டார். அம்மா கம்பை எடுக்கப் போனபோது, "பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு அங்கன போயி நிக்கப் போறியாக்கும்?" என்று அத்தை தடுத்துவிட்டாள். மாமாவுக்குப் போன் போனது.

மாமா கடையைப் போட்டபடியே போட்டுவிட்டு வந்தார். வந்ததும் பெட்டியில் சுவிட்சை அணைத்தார். பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். கரண்ட் இல்லாவிட்டாலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். "சொந்தக்காரன் எப்ப வருவான்னு சொல்ல முடியாதுட்டி" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். மூடியைத் தூக்கி, குப்புறப் படுத்து, முழங்கைவரை தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார். அப்பா பக்கத்தில் நின்றுதான் பார்த்தார். புது ஒயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு உள்ளே வந்துவிட்டார்.

நான் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தேன். ஜன்னல் கம்பி வழியாக மாமாவின் முதுகு தெரிந்தது. குளியலறைப் பக்கமிருந்து அத்தையின் குரல்: "ஏலே, இன்னும் எறங்கலையேலே! அவிய ஏறிட்டாவளாம், பஸ்ஸு வந்துக்கிட்டு இருக்காம்!" அப்பா அடுப்படிக்குள் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டினார்.

மாமா கத்தவில்லை. தொண்டைக்குள்ளிருந்து ஏதோ ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் உடம்பு வில்லாக வளைந்து பின்னால் விழுந்து, தலை மதிலில் மோதியது. அப்பா அதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். அதே விரலால் சுவிட்சை அணைத்தார். அணைத்துவிட்டுத்தான் வெளியே ஓடினார். முதலில் தட்டியது அவசரம், மறதி என்று வைத்துக்கொள்வேன். அணைத்த விரலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அம்மா அலறிக்கொண்டு வந்து மாமாவின் தலையை மடியில் தூக்கி வைத்தாள். பட்டுச்சேலையெல்லாம் குழித் தண்ணீர். பக்கத்து வீட்டு அண்ணாச்சி மதிலேறிக் குதித்து வந்து மாமாவின் காலைத் தேய்த்தார். கொஞ்சம் பொறுத்து மாமா கண்ணைத் திறந்து, எழுந்து மதிலில் சாய்ந்து உட்கார்ந்தார். வலது உள்ளங்கை வெளுத்துத் தோல் சுருங்கியிருந்தது. இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றன.

"ஏசப்பா! நல்ல நாளும் அதுவுமா எங்க தலையில பழியப் போடப் பாத்தானே" என்றாள் அத்தை. "கரண்ட அணைக்காமலா கைய விட்டான்? என்ன வேல படிச்சான் இவன்?"

அப்பா குனிந்து, அவருக்கே உரிய அந்த மெதுவான குரலில் கேட்டார். "பீஸக் கழட்டினியாலே?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாமாவின் கண் குழிக்குப் போனது. அங்கே, உறையின் விளிம்பில், டேப் அவிழ்ந்து தொங்குகிற முறுக்கைக் கண்டுபிடித்தது. அங்கிருந்து ஒயரோடு சுவரில் ஏறி, ஜன்னல் வழியாக அடுப்படிக்குள் போய், மணி இருந்த இடத்தில் இருக்கிற சுவிட்சில் நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வாய்க்கு முன்னால் அத்தை எத்தனை நிமிடம் நிற்பாள் பார்ப்போம் என்று காத்திருந்தேன்.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எக்கா" என்று கூப்பிட்டார். அவள் நிமிரவில்லை. மாமா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

"இல்லத்தான். அவசரத்துல மறந்துட்டேன். எந் தப்புதான்."

"பொய்யி!" என்று நான் கத்தினேன். "பீஸு மாமா சட்டப்பையிலதான் இருக்கு! அப்பாதான் அடுப்படியில சுவிச்சப் போட்டாவ, நான் பாத்தேன்!" பாய்ந்து போய் அவர் சட்டைப் பையில் கையை விடப் போனேன். மாமா வெந்த கையாலேயே பையைப் பொத்திக்கொண்டார். வலியில் அவர் முகம் கோணியது. "ஏட்டி, சும்மா கெட. சின்னப்புள்ளைக்கு என்ன தெரியும்" என்றார். அடுத்த நொடி என் கன்னத்தில் அறை விழுந்தது. அறைந்தது அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. அம்மா.

இந்தக் கோலத்தில் அவன் இங்கே உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அத்தை முணுமுணுத்தாள். மாமா எழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன் என்ற அண்ணாச்சியிடமும் வேண்டாம் என்றார். போகும்போது அப்பாவிடம், "மெதவையில பாலிதீன் பை சுத்திக் கெடந்துச்சு. எடுத்துட்டேன், இனி ஓடும். அந்த மணிய மட்டும் திரும்ப மாட்டிருங்கத்தான்" என்றார். அப்பா தலையை ஆட்டினார்.

அவர் சொன்னபடியே ஓடியது. அப்பா அடுப்படி சுவிட்சை மறுபடி தட்டினார், கக்கூஸில் தண்ணீர் அழகாக இறங்கியது. திசையன்விளைக்காரர்கள் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், கையைக் கழுவினார்கள், வீடு சுத்தமாக இருக்கிறது என்றார்கள். பேச்சு முடிந்ததும் அத்தை ஜெபம் செய்தாள். இந்த நாளில் எந்தச் சேதமும் வராமல் எங்களைக் காத்தீரே, ஸ்தோத்திரம் என்றாள். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை மகள் கல்யாணத்துக்கு மாமாவுக்குப் பத்திரிகை போகவில்லை. பீஸைக் கழற்றாமல் கையை விட்ட எலக்ட்ரீசியன் என்று தெருவெல்லாம் பேச்சாகிவிட்டது. பேசியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் வந்து செய்கிற வேலைக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். கெட்டுப்போன மோட்டாரைக் கொண்டுபோய்க் கடையில் கொடுப்பதற்கு மட்டும் மாமா வேண்டியிருந்தது. அந்த இரண்டு விரல்களும் கடைசிவரை நிமிரவில்லை. செம்புக் கம்பி சுற்றுகிறவனுக்கு விரல் இல்லாமல் என்ன இருக்கிறது? மாமா எங்கள் வீட்டுப் படியிறங்கி அதன்பிறகு வரவே இல்லை. அம்மா மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

வருஷக்கணக்காக என் கோபமெல்லாம் அப்பா மேலும் அத்தை மேலும்தான் இருந்தது. வைத்துக்கொள்ள வசதியாகவும் இருந்தது. அப்பா போனபிறகு வீட்டில் ஒயரையெல்லாம் மாற்றினோம். வேலைக்கு வந்தவர் அடுப்படி ஜன்னலிலிருந்து அந்த மெல்லிய ஒயரை உருவிப் போட்டபோது, நான் அப்பாவை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவுக இத சேக்கும்போது டார்ச் அடிச்சுக் காமிச்சது நாந்தான்ட்டி" என்றாள். "தம்பிட்ட சொல்லாதன்னாவ. அன்னைக்கி அவன் வந்து குப்புறப் படுத்தப்ப வாய் வரைக்கும் வந்துச்சு. ஒங்கத்தை பக்கத்துல நின்னா."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அம்மாவின் மேல் எனக்கு வந்த கோபத்தை இத்தனை வயதில் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஒரு வார்த்தை. "ஏலே, அதத் தொடாத." அவ்வளவுதானே. அதைச் சொல்லக்கூட வாய் திறக்க முடியாத வீட்டில் அவள் எத்தனை வருஷம் சமைத்துப் போட்டாள் என்று நினைத்தபோது கோபம் திரும்பி மறுபடி அப்பாவிடமே போனது. இப்போதும் அது அங்கும் இங்குமாகத்தான் அலைந்துகொண்டிருக்கிறது. மாமா அன்று அம்மாவின் முகத்தில் என்ன பார்த்தார் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு மாமா கிளம்பிப் போனதும், வீங்கிய கன்னத்தோடு நான் அவர் பின்னால் ஓடினேன். தெருமுனையில் பிடித்துவிட்டேன். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பைய நடந்துகொண்டிருந்தார்.

"ஏன் மாமா பொய் சொன்னிய?"

அவர் நின்றார். இடது கையைக் கோணலாக வளைத்துச் சட்டைப் பையிலிருந்து பீஸ் கட்டையை எடுத்தார். "இத ஒங்கம்மாட்ட குடு. வேற யார்ட்டயும் குடுக்காத."

"மொதல்ல சொல்லுங்க. ஏன் பொய் சொன்னிய?"

"ஒங்கம்மா அந்த வீட்டுலதானட்டி இருக்கணும்" என்றார்.

எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அம்மா எங்கள் வீட்டில்தானே இருக்கிறாள், வேறு எங்கே இருப்பாள்? இதெல்லாம் ஒரு பதிலா? அத்தையைப் பார்த்துப் பயந்துபோன மாமாவுக்குப் பேச்சு மறந்துவிட்டது என்று முடிவுசெய்து, பீஸ் கட்டையை அவர் காலடியிலேயே போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.